கடலுக்குத் தகடு கிடையாது

இன்று காலையில் மினி லாரிக்காரர் வந்து வீட்டுச் சாமான்களைப் பார்த்துவிட்டுப் போனார். கரிவலம்வந்தநல்லூர்க்காரர், நல்ல மனிதர். ஒவ்வொன்றாகத் தொட்டு, "இது வருதா அண்ணாச்சி? இது வருதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கட்டில் வரும் என்றேன். கிரைண்டர் வரும் என்றேன். இரும்பு பீரோவைத் தொட்டதும் கையை எடுத்துக்கொண்டார்.

"இதக் கொண்டு போகாதீய. கடக்காத்து ரெண்டு வருசத்துல தின்னுரும். எங்க மச்சான் பீரோ அங்கன கால் இல்லாம நிக்கி."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். இரும்பின் காலைத் தின்கிற காற்று என் காலை விட்டுவைக்குமா? என் புத்தி இப்படித்தான் ஓடும். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி கோமதி, "பீரோ இங்கனயே கெடக்கட்டும். ஆள் வந்தாப் போதும்" என்றாள். அந்த ஐந்தாறு வார்த்தைக்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

விஷயத்தை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் மகளும் மருமகனும் கன்னியாகுமரிக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரில் சின்னதாக ஒரு வீடு வாங்கிப் போட்டிருக்கிறார்கள். ஊர்ப் பேரைச் சொல்லவில்லை. நான் எழுதப்போவதைப் படித்தால் அங்கே வீடு வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள். விடுமுறைக்கு வந்து தங்குகிற ஊர் அது. ஆறு வருடமாக ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் பத்து நாள் போய் இருந்துவிட்டு வருகிறோம். இப்போது கேள்வி, பத்து நாளுக்கா, வருடம் முழுக்கவா என்பது. கோமதியின் நெஞ்சுக்குக் கடல் வேண்டும் என்கிறார்கள். எனக்குக் கடலைக் கண்டால் நெஞ்சு அடைக்கும். இந்த வாடகை வீட்டுக்கு வேறு ஆள் காத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். விட்டால் இது திரும்பக் கிடைக்காது. லாரிக்காரரைச் சும்மா பார்க்கத்தான் வரச் சொன்னேன். வருகிறோம் என்று இன்னும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

அவர் போன பிறகு பீரோவைத் திறந்தேன். எதை எடுக்கத் திறந்தேன் என்று தெரியவில்லை. அந்துருண்டை வாசனைக்கு அடியிலிருந்து இன்னொரு வாசனை வந்தது. பஞ்சும் கஞ்சியும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை. நாங்கள் தறிக்கொட்டகையை விட்டு எட்டு வருடம் ஆகிறது. அது எங்கள் துணியை இன்னும் விடவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வறுமை என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் நின்றது பயத்தால். கணக்குப் பரீட்சைக்குப் பயந்து ஒருநாள் போகவில்லை. ஏன் வரவில்லை என்று வாத்தியார் கேட்பாரே என்று மறுநாள் போகவில்லை. இரண்டு நாள் வராததற்கு என்ன சொல்வது என்று மூன்றாம் நாளும் போகவில்லை. அப்படியே பள்ளிக்கூடம் என்னை விட்டுத் தூரப் போய்விட்டது. அப்பா தறிக்கொட்டகையில் கொண்டுபோய் விட்டார். அங்கேயும் முதல் ஒரு மாதம் ஓடுகிற தறிக்கு மூன்றடி தள்ளியே நின்றேன். நூலோடு குறுக்கே ஓடுகிற நாடா எகிறி வந்து கண்ணில் அடித்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

நாடாவுக்குள் வைக்கிற தாரில் நூல் சுற்றுகிற வரிசையில் இருந்த பெண்களில் ஒருத்திதான் கோமதி. அவளுக்கு எதற்கும் பயமில்லை. கூரையில் ஓடிய சாரைப்பாம்பைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டுவிட்டு அதே கையால் டீ குடித்தவள்.

ஒரு பொங்கல் லீவில் முதலாளி எங்கள் எல்லோரையும் வேனில் ஏற்றிக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதுவரை நான் கண்ட பெரிய தண்ணீர் எங்கள் ஊர்த் தெப்பக்குளம்தான், அதிலும் பாதி நாள் தண்ணீர் இருக்காது. எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினார்கள். ஒரு ஆளாவது செருப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா? நான் நின்றுகொண்டேன். இருபத்தெட்டு ஜோடிச் செருப்புக்கு நடுவில் நிற்கிறேன். கழுத்துவரை நனைந்து, பாவாடையைப் பிழிந்துகொண்டு கோமதி வந்தாள்.

"என்ன, செருப்புக்குக் காவலா? கடல் வந்து தூக்கிட்டுப் போனா என்ன செய்வீரு?"

"ஓடிருவேன்."

"செருப்ப விட்டுட்டா?"

"போட்டுக்கிட்டுத்தான்."

"யார் செருப்ப?"

குனிந்து பார்த்தேன். ஒரு காலில் என்னுடையது, இன்னொரு காலில் முதலாளியுடையது. எந்தக் குழப்பத்தில் எப்போது மாட்டினேனோ தெரியாது. அன்று வேனில் திரும்பும்போது எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். அப்படிச் சிரித்தவள் என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தது எதனால் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம்.

கோமதிக்கு இருமல் எப்போது வந்தது என்று எங்களால் சொல்ல முடியவில்லை. முதலில் காலையில் மட்டும் வந்தது. பிறகு மாடிப்படியில். பிறகு துணி பிழியும்போது. கொட்டகையை விட்டால் சரியாகும் என்று விட்டோம். ஆனால் கொட்டகை எங்கே போகும்? எங்கள் தெருவிலேயே நான்கு ஓடுகிறது. ஜன்னல் கம்பியில் விரலை வைத்தால் வெள்ளையாக ஒட்டும். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்தத் தூசிய விட்டுப் போயிருங்க. இன்னும் நாலு வருசம் இங்கயே இருந்தா நான் ஒண்ணும் சொல்லதுக்கில்ல" என்றார். எதைச் சொல்வதற்கில்லை என்று நான் கேட்கவில்லை. கோமதியும் கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில் கொத்தமல்லிக்கட்டு வாங்கினாள்.

இங்கே அவள் பகலில்கூட மல்லாந்து படுக்க முடியாது. மூன்று தலையணையை முதுகுக்குக் கொடுத்து, உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவாள். மே மாதம் அந்தக் கடற்கரை வீட்டுக்குப் போனால், இரண்டாம் நாள் மத்தியானம் வெறும் தரையில் கையைக் காலை விரித்துப் போட்டுத் தூங்குவாள். நான் அருகில் உட்கார்ந்து அவள் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு கண் அதில், ஒரு கண் ஜன்னல் வழியே கடலில்.

எங்கள் ஊர்க் கோயில் வாசலில் தகடு விற்பார்கள், தெரிந்திருக்கும். பாம்பு, தேள், பூரான் உருவம் போட்ட மெல்லிய தகடு. விஷ ஜந்து அண்டாமல் இருக்க வாங்கி உண்டியலில் போடுவோம். புற்றுமண்ணை நெற்றியில் பூசிக்கொண்டால் எங்கள் ஆட்களுக்குப் பாதிப் பயம் போய்விடும். முதல்முறை மே மாதப் பயணத்துக்கு முந்தின நாள் நானும் போய், தகடு விற்கிற அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"கடலுக்கு ஏதும் தகடு இருக்காக்கா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கடலுக்கெல்லாம் கெடையாது அண்ணாச்சி. இந்த ஊர்ல எவன் கேட்டான்?" பக்கத்தில் பூ விற்கிறவர் சிரித்தார். எனக்கு முகம் சுருங்கியதைக் கண்டு அக்காவுக்கே இரக்கமாகிவிட்டது போல. "அலையும் படம் எடுத்துத்தான வருது. பாம்பையே போடுங்க, கேட்டுக்கிடும்."

நியாயமாகத்தான் பட்டது. ஆறு வருடமும் கடலுக்காகப் பாம்பு போட்டேன். கோமதிக்குத் தெரிந்தபோது, "அப்ப பாம்பு வந்தா எதப் போடுவிய, மீனா?" என்றாள்.

மே மாதத்தை வைத்து முடிவு எடுக்கக் கூடாது என்பது மட்டும் எனக்கு உறைத்திருந்தது. அதனால் போன ஐப்பசியில் ஒரு வாரம் இருந்து பார்க்கப் போனோம். மே மாதத்தில் அந்த ஊரில் பலூன் சுடுகிறவன், ஐஸ் வண்டி, மாங்காய் பத்தை, குதிரை என்று கால் வைக்க இடமிருக்காது. ஐப்பசியில் பஸ்ஸில் இருந்து இறங்கியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். கடைகளுக்குத் தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டியிருந்தது. சீசனுக்கு வருகிற டாக்டர் போய்விட்டார். மருந்துக்கடை பூட்டியிருந்தது, பூட்டின் மேல் யாரோ தேங்காயெண்ணெய் தடவியிருந்தார்கள். திறந்திருந்தது ஒரு டீக்கடை.

"சீசன் முடிஞ்சிட்டே. இப்ப வந்து என்னத்தப் பாக்கப் போறிய?" என்றார் டீக்கடைக்காரர்.

"இங்கனயே இருக்கலாமான்னு பாக்க வந்தோம்."

அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். பிறகு சுவரில் இடுப்புக்கு மேலே ஒரு கோட்டைக் காட்டி, "சுனாமியில தண்ணி இது வரைக்கும் நின்னுச்சு. அதுக்குப் பெறகு ஒண்ணுமில்ல. தைரியமா இருங்க" என்றார். ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பார். டீயைக் குடிக்காமல் நான் அந்தக் கோட்டின் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். எனக்கு நெஞ்சு வரை வந்தது. கோமதிக்குத் தோள்.

அந்த ஒரு வாரம் நான் விசாரித்துக்கொண்டே இருந்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடம்? ஆட்டோக்காரர்கள் எல்லாம் நாகர்கோவிலுக்கு ஓட்டப் போய்விட்டால் யாரைக் கூப்பிடுவது? எங்களில் ஒருவருக்கு ஒன்று ஆனால் இன்னொருவர் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது? இருபது வீடு இருந்தது, பத்தொன்பதில் பூட்டு. கோமதி பாட்டுக்கு மொட்டை மாடியில் மோர் மிளகாய் காயப் போட்டாள். எங்கள் ஊரில் இரண்டே வெயிலில் கலகலவென்று ஆகிவிடும். அங்கே ஐந்தாம் நாளும் அது ஈரத் துணி மாதிரி தொங்கியது. வெயில் எங்கேயும் வெயில்தான் என்று நினைத்துவிட்டோம், கரிசல்காட்டு ஆட்கள்.

ஆறாம் நாள் மத்தியானம் நான் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தால் கோமதியைக் காணோம். கதவு திறந்து கிடந்தது. செருப்பு வாசலில். அவள் மூச்சுக்கு உறிஞ்சுகிற மருந்து மேஜையில்.

மருந்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். மணலில் கால் புதைந்தது. கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது, மனித நடமாட்டமே இல்லை. கரையில் கறுப்பாக ஏதோ ஒதுங்கிக் கிடந்தது. அருகில் போனால் பழைய வலைச்சுருள். ஊரில் எட்டுப் படி ஏற முடியாதவள் எவ்வளவு தூரம் போயிருக்க முடியும்? மேற்கே போவதா, கிழக்கே போவதா? அலைக்குப் பக்கத்தில் ஒரு காலடித் தடம் போனது. கொஞ்ச தூரத்தில் அதையும் தண்ணீர் அழித்திருந்தது. நான் அழ ஆரம்பித்திருந்தேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்போது காற்றையும் அலையையும் தாண்டி ஒரு குரல் வந்தது.

"ஏங்க. இங்கன வாங்க. நண்டப் பாருங்க."

தறி ஓடும் இடத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் குரல் பெரிதாக இருக்கும். நாற்பது தறி ஓடும்போது பேசிப் பழகிய தொண்டை. நாங்கள் வீட்டில் சாம்பாருக்கு உப்புக் கேட்டால் தெருவில் சண்டை என்று நினைப்பார்கள். கோமதிக்கு அந்தக் குரல் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது, போனதை நான் கவனிக்கவேயில்லை. திரும்பிக் கேட்டபோதுதான் போயிருந்தது என்றே தெரிந்தது.

ஒரு பாறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வீட்டிலிருந்து ஒரு மைல் இருக்கும். நான் போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியதில் பேச முடியவில்லை. முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

"என்னங்க, ஒங்களுக்கு இளைக்கி" என்றாள். என் கையில் இருந்த மருந்தைப் பார்த்தாள். "அத நீங்களே ஒரு இழுப்பு இழுங்க."

பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். டீக்கடைச் சுவரின் அந்தக் கோடு இந்த நிமிடமும் என் நெஞ்சில்தான் இருக்கிறது. ஊருக்கு வந்த நான்காம் நாள் அவள் குரல் மறுபடி அடங்கிவிட்டது. இப்போது என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் டம்ளரால் சுவரில் தட்டுகிறாள். இன்று மத்தியானமும் தட்டினாள். போனேன். தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, "பயமா இருந்தா வேண்டாம்ங்க. நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்" என்றாள்.

வெளியே வந்து லாரிக்காரருக்குப் போன் போட்டு வியாழக்கிழமை வரச் சொன்னேன். பிறகு வீட்டுக்காரரிடம் போய், வீட்டைக் காலி செய்கிறோம் என்று சொன்னேன். சொல்லிவிட்டு நேரே வீட்டுக்கு வரவில்லை. பக்கத்துக் கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் வந்தேன்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போது தோன்றியது இதுதான். ஆறு வருடம் நான் கடலுக்குப் போனது தைரியத்தில் இல்லை. பதினோராம் நாள் காலையில் ஊர் திரும்ப ஒரு பஸ் உண்டு, அந்த நம்பிக்கையில் போனேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, கடல் மறைகிற வளைவு வரைக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டு வருவாள். நான் முன்னால் பார்த்துக்கொண்டு வருவேன். ஆரல்வாய்மொழியில் மின்சாரக் காற்றாடிகள் போகும். திருநெல்வேலியில் வண்டி மாறுவோம். மானூர் தாண்டி, ரோட்டுக்கு இரண்டு பக்கமும் காய்ந்த நிலம் விரியும்போது எனக்கு அப்பாடா என்று மூச்சு வரும். அதே இடத்தில்தான், ஒவ்வொரு வருடமும், அவளுக்கு முதல் இருமல் வரும்.

அந்தப் பஸ்ஸில் இனி நாங்கள் ஏறப்போவதில்லை.