பர்மா ஆட்டத்துக் கோல்

வரதராஜா ஒரு காலத்தில் இலங்கைக்காக உதைபந்தாடியவர். யாழ்ப்பாணத்துப் பள்ளி மைதானத்தில் தொடங்கி, அறுபதுகளின் நடுவில் தேசிய அணியில் இடதுபக்கக் காவலுக்கு வந்தார். காவலில் நிற்பவனுக்குக் கோல் அடிக்க வாய்ப்பு வருவதே அபூர்வம். அவருக்கு ஒரேயொரு தடவை, பர்மாவோடு ஆடிய அன்று வந்தது. கொழும்பு மைதானம் மழையில் சேறாகிக் கிடந்தது. யாரோ காலில் பட்டுத் தெறித்த பந்தை ஓடிவந்து இடக்காலால் அறைந்தார். இலங்கை வென்றது.

எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் அவர் இருந்த வீட்டைக் கொளுத்தினார்கள். அணிச் சட்டை, படங்கள் எல்லாம் அதோடு போயின. மனைவி ராஜராணிக்கு அகதி முகாமில் காய்ச்சல் கண்டது. அவள் எழும்பவே இல்லை. தொண்ணூற்றொன்றில் ஒரே மகள் குமுதினி அவரை நியூ ஜெர்சிக்கு, பிளெய்ன்ஸ்பரோவில் தன் அபார்ட்மென்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டாள்.

தொண்ணூற்று நாலு கோடையில் உலகக் கோப்பை அமெரிக்காவில் நடந்தது. அந்தச் சூட்டோடு அங்கிருந்த தமிழர்கள் ஒரு விழா வைத்து, கலிபோர்னியா ஃப்ரீமான்டிலிருந்து கந்தசாமியை அழைத்தார்கள். கந்தசாமியும் அதே அணிதான். பெரும்பாலும் ஆட இறங்காமல் துண்டோடு வெளியே உட்கார்ந்திருந்தவர். இப்போது கம்ப்யூட்டர் கம்பெனி முதலாளி. குமுதினியின் கணவன் கஜன் அவருடைய நியூ ஜெர்சிக் கிளையில்தான் வேலை பார்த்தான். அவனுக்குக் கிரீன் கார்டு எடுத்துக் கொடுப்பதும் அந்தக் கம்பெனிதான்.

மேடையில் கந்தசாமி பர்மா ஆட்டத்தைச் சொன்னார். சேறு, தெறித்த பந்து, இடக்கால் எல்லாம் சரி. அடித்தது மட்டும் தான் என்றார்.

வரதராஜா எழும்பிவிட்டார். "கந்தசாமி, அது நான் அடிச்சது! நீ வெளியில துவாயோட நிண்டனி."

மண்டபம் சிரித்தது. குமுதினி அவர் கையைப் பிடித்து இருத்தினாள். "மன்னிக்கோணும் அங்கிள், அப்பாவுக்கு இப்ப மறதி" என்றாள் மேடையைப் பார்த்து.

திரும்பும்போது காரில் கேட்டார்: "எனக்கு மறதியோ பிள்ளை?"

"இல்லை அப்பா. நீங்கள்தான் அடிச்சது எண்டு எனக்குத் தெரியும். அம்மா எத்தனை தரம் சொல்லியிருக்கிறா. ஆனா கிரீன் கார்ட் வாற நேரத்தில என்னை என்ன செய்யச் சொல்லுறீங்கள்?"

காரை ஓட்டிக்கொண்டிருந்த கஜன் ரேடியோவைக் கூட்டி வைத்தான்.

கார்டு வர மூன்று வருஷம் எடுத்தது. வந்ததும் வீட்டில் விருந்து. கந்தசாமியும் வந்தார், சாப்பாட்டு மேசையில் மறுபடியும் பர்மாவை வென்றார். பக்கத்து அபார்ட்மென்ட் ஷ்யாமளா வரதராஜா பக்கம் திரும்பி, "அங்கிள், நீங்களும் அந்த டீம்தானே? அந்த கோல நேர்ல பார்த்தீங்களா?" என்றாள்.

சோறு பரிமாறிக்கொண்டிருந்த குமுதினியின் கை அப்படியே நின்றது.

"ஓம் பிள்ளை, கிட்டடியில நிண்டு பார்த்தனான்" என்றார் வரதராஜா. "நல்ல கோல்."

கந்தசாமி கை நீட்டினார். வரதராஜா அதைப் பிடித்துக் குலுக்கினார்.

இரண்டாயிரம் குளிர்காலத்தில் வரதராஜா செத்துப்போனார். கந்தசாமி ஃப்ளைட் பிடித்து வந்து இரங்கல் பேசினார். "என்னோட விளையாடின மனுஷன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் பேசி முடிக்கும்வரை குமுதினி தலை நிமிரவில்லை.