சித்தப்பா மாட்டிய எக்சோஸ் குழாய்

அத்தையின் கல்யாணத்துக்குச் சித்தப்பா செய்த சீர், புகை போகும் எக்சோஸ் குழாய் ஒன்று. தான் உயிராக வைத்திருந்த பழைய ஜெர்மன் காரில்தான் தங்கை தேவாலயத்துக்குப் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர், முதல் நாள் அதற்குப் பெரிய குழாயை மாட்டிக்கொண்டு வந்தார். "சத்தத்தக் கேட்டியா? சிங்கம் லா!" ரெம்பியாவில் எங்கள் தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. ஒன்பது வயதில் எனக்குக் காது அடைத்தாலும் பெருமை தாங்கவில்லை.

அத்தை மட்டும் முகத்தைச் சுளித்தார். அவர் மலாக்காவில் ஒரு வொர்க்‌ஷாப்பில் எஞ்சின் பழுது பார்ப்பவர். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலை வேண்டாம் என்று மாமியார் வீட்டில் சொல்லியிருந்தார்கள். அத்தை சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் தேவாலயத்துக்குப் போகும் வழியில், டுரியான் துங்கால் பக்கம் ஒரு மேட்டில் சிங்கம் இருமியது. குலுங்கி, படார் படார் என்று வெடித்து, நின்றேவிட்டது. சித்தப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. "ஐயோ, ஃபாதர் காத்துக்கிட்டிருப்பாரே!" என்று அம்மா கையைப் பிசைந்தார்.

அத்தை வெள்ளைச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி பானட்டைத் திறந்தார். "குழாயப் பெருசாக்கிட்டீங்க, எஞ்சின் காத்த அள்ளி இழுக்குது. பெட்ரோல் பழைய அளவுலதான் வருதுண்ணே. வேற என்ன செய்யும்?"

கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி, காற்றை அளக்கும் பெட்டியின் கறுப்பு மூடியை நெம்பினார். உள்ளே கைக்கடிகாரத்தில் இருப்பதுபோல ஒரு பல்சக்கரம். பெட்ரோல் கூடுவதற்காக அதை ஒரு பல் நகர்த்தினார்; சித்தப்பா ஸ்டார்ட் செய்தார்; இருமல். இன்னொரு பல். அத்தை கண்ணை மூடிக் கேட்டார். மூன்றாவது பல்லுக்குக் கார் அடங்கி, சீராக உறுமியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஞாயிறு வகுப்பில் கேட்ட அற்புதங்கள்கூட இதற்கு முன்னால் எம்மாத்திரம் என்று நினைத்தேன். பாவம்தான், என்ன செய்வது!

"கையெல்லாம் கறுப்பா இருக்கு, தொடச்சிக்கம்மா" என்று அம்மா பதறினார்.

"நேரமில்ல அண்ணி."

நல்லவேளை, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளை மோதிரம் போடக் கையைப் பிடித்தபோது அத்தையின் விரல் கறுத்திருந்தது. முன்வரிசையிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை விரலைப் பார்த்தார், அத்தையின் முகத்தைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே மோதிரத்தைப் போட்டார். மறுவாரம் அத்தை வொர்க்‌ஷாப்புக்குப் போனார். மாமியார் வீட்டில் யாரும் தடுக்கவில்லை.

துடைக்க நேரம் கிடைக்காமல் போனதே என்று நான் வெகுநாள் வருத்தப்பட்டேன். பிறகுதான் உறைத்தது: டிஷ்யூ பெட்டி வழிநெடுக என் மடியில்தான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை அதைக் கேட்கவே இல்லை.