நவம்பர் 3 காலியாக இருந்தது

364. உமாபதியின் நோட்டில் நிரம்பியிருந்த நாட்களின் எண்ணிக்கை அது. பிப்ரவரி 29 இதில் சேராது. அந்த ஒரு நாளுக்கு மட்டும் மூன்று சம்பவங்கள் வைத்திருந்தார்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் உமாபதிக்கு வயது ஐம்பத்துநான்கு. தினமும் காலை 6:10-க்கு, தறியில் இறங்குவதற்கு முன், வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடக் குரல்பதிவு அனுப்புகிறார். அந்தத் தேதியில் இசையில் நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்வார். கேட்பவர்கள் 611 பேர். ஆரம்பத்தில் முதல் இசைத்தட்டு எப்போது வந்தது, எந்த மேதை எங்கே பிறந்தார் என்று இணையத்தில் கிடைத்ததைத்தான் படித்தார். இரண்டாவது மாதமே ஒருவர் கேட்டார்: "இதெல்லாம் செல்லுல தட்டினா வருதுபா. நம்ம ஊர்ல ஒன்னும் நடக்கலியா?"

அதன் பிறகு ஊர்ச் செய்திதான். சின்ன காஞ்சிபுரத்தில் கருட சேவை நடுவே தவில் தோல் கிழிந்து, ஒரு கல்யாண வீட்டுத் தவிலை வாங்கிவந்து வாசித்த நாள். திருப்பருத்திக்குன்றத்துக் கல்யாணம் ஒன்றுக்கு முதன்முதலாக கீபோர்டு வந்த நாள். கரண்ட் போய், வாசிக்கப்படாமலே அது திரும்பிப் போனதும் அதே நாள்தான்.

அவருக்கு விதிகள் இரண்டு. ஒரு நாளைக்கு ஒன்றுதான். தேதிக்கு ஆதாரமாக எழுத்தில் ஏதாவது வேண்டும். இல்லையென்றால், தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளாத இரண்டு சாட்சிகள் வேண்டும்.

நவம்பர் 3-க்கு எதுவுமே கிடைக்கவில்லை. நான்கு வருடமாக அன்று காலை அவர் அனுப்பியது இவ்வளவுதான்: "இன்னிக்கு ஒன்னும் தெரியலங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க." மாமியார் தங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த தேதி அதுதான், அன்றிலிருந்து கச்சேரி ஓயவில்லை என்று ஒருவர் எழுதினார். உமாபதி சாட்சி கேட்டார். பதில் வரவில்லை.

இந்தச் செப்டம்பரில் தென்னேரியிலிருந்து ஒரு போன். பேசியவர் கங்கையம்மாள், அறுபத்தேழு வயது, பயிர்வேலை செய்பவர்.

"தம்பி, எங்க ஏரிப் பாட்டுக்கு ஒரு நாள் குடுப்பியா?"

"இன்னா பாட்டுமா?"

"எழுபத்தெட்டுல ஏரி ரொம்பி கலங்கல் வழியா தண்ணி ஓடிச்சு. அன்னிக்கே ஏழு பொம்பளைங்க கரை மேல நின்னு பாடினோம். வாலாஜாபாத்துலேர்ந்து மைக் செட் வந்துச்சு. எங்க ஊர்ப் பொம்பளைங்க மைக்குல பாடினது அதான் மொத தபா."

"தேதி?"

"ஐப்பசி பதினெட்டு. இல்ல, பத்தொம்போது. இப்ப ரெண்டு பேருதான் இருக்கோம். இன்னொருத்திய கேட்டா, அவ என்னையே திருப்பிக் கேக்கறா."

உமாபதி அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தைத் தேடிப் பிடித்தார். ஐப்பசி 18 என்றால் நவம்பர் 3. பத்தொன்பது என்றால் நவம்பர் 4.

நவம்பர் 4 அவருடைய அப்பா வேலாயுதத்தின் நாள். 1971-ல் அவர் தறிக்குப் பக்கத்தில் ரேடியோ வைத்தார். அந்தத் தெருவுக்கே முதல் ரேடியோ. தறியில் நாடா இங்குமங்கும் ஓடும் சத்தத்தில் செய்தி கேட்காது. அதனால் செய்தி வந்தால் தறி நிற்கும், பாட்டு வந்தால் ஓடும். ஆதாரம், அப்போதெல்லாம் ரேடியோவுக்குத் தபால் நிலையம் கொடுத்த லைசென்ஸ் புத்தகம். முதல் பக்கத்தில் முத்திரை: 4-11-71. வருடத்தில் அந்த ஒரு காலையில்தான் அப்பாவின் பெயர் 611 பேர் காதில் விழுகிறது.

"பதினெட்டுன்னே வெச்சுக்குங்களேன்," என்றார் மனைவி புவனேஸ்வரி. "காலியும் ரொம்புது, மாமா நாளும் மாமாவுக்கே இருக்குது. ஏரியா வந்து கேக்கப் போவுது?"

உமாபதி மறுநாள் தறியை நிறுத்திவிட்டு பைக்கில் தென்னேரிக்குப் போனார். அங்கே ஒரு காலத்தில் ஏரி மதகைக் கவனித்துவந்த துரைக்கண்ணு என்பவர், ஏரி நிரம்பி வழிந்த தேதிகளை எல்லாம் தன் வீட்டுக் கதவின் உட்பக்கத்தில் பெயின்டால் எழுதிவைத்திருந்தார். அவர் இறந்து பல வருடம் ஆகிறது. கதவு இருக்கிறது. கங்கையம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், எழுத்து தெரியவில்லை.

"இன்னா போட்டிருக்குது தம்பி?"

"நாலு, பதினொன்னு, எழுபத்தெட்டு."

"அப்போ பத்தொம்போது. ஏன் மூஞ்சி இப்படிப் போவுது? தப்பான தேதியா?"

"சரியான தேதிதாம்மா."

வண்டியில் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டார். அப்பாவின் ரேடியோவை நான்கு தடவை சொல்லியாயிற்று. ஏழு பெண்களின் பாட்டை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நவம்பர் 4 கங்கையம்மாளுக்கு. அப்பாவின் பெயரை எடுப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டியவர் ஒருவர் உண்டு: அதே தெருவில் இருக்கும் சித்தப்பா ராமராஜன், வயது எண்பது.

"சித்தப்பா, நவம்பர் நாலுலேர்ந்து அப்பா ரேடியோவ எடுத்துடறேன்."

"எடு. அது தப்பு தேதிதான்."

"லைசென்ஸ்ல இருக்குதே?"

"லைசென்ஸ் நாலாந்தேதிடா. ரேடியோ வந்தது அதுக்கு மொத நாள், மூணாந்தேதி சாயங்காலம். போஸ்டாபீஸ் மூடிட்டான். லைசென்ஸ் இல்லாம பாட வெச்சா புடிச்சிக்கினு போயிடுவாங்கன்னு உங்கப்பன் நடுங்கறான். நான்தான் குமிழத் திருப்பினேன். கதவு ஜன்னலெல்லாம் சாத்திக்கினு நாலு பாட்டு கேட்டோம்."

"நாலு வருஷமா நான் சொல்றத கேக்கறியே, ஏன் சொல்லல?"

"நீ காகிதம் காகிதம்னுகினு இருந்த. என்னை எங்க கேட்ட?"

ஒரு சாட்சி ஆயிற்று. இன்னொன்று எதிர்வீட்டில் இருந்தது. தில்லையம்மாளுக்கு எழுபத்தாறு வயது. தேதி எதையும் வாயில் எடுக்காமல், அப்பா ரேடியோ வாங்கினது ஞாபகம் இருக்கிறதா என்று மட்டும் உமாபதி கேட்டார்.

"மறக்குமா? லைசென்ஸ் வாங்கின அன்னிக்குத் தெருவையே கூப்ட்டு கேக்க வெச்சாரு உங்கப்பா. ஆனா அதுக்கு மொத நாளே கதவ சாத்திக்கினு கேட்டாங்க. நான் ஜன்னலாண்ட நின்னேன், ஒரு வரிகூட முழுசா கேக்கல. அந்த ராமராஜன்கிட்ட நான் இன்னிக்கு வரைக்கும் பேசறதில்ல."

பேசி வைத்துக்கொண்டிருக்க முடியாத இரண்டு பேர். உமாபதி வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தார். அப்பாவின் பெயரை ஒரு பக்கம் முன்னால் எழுதினார்.

வரும் நவம்பர் 3, திங்கட்கிழமை, லைசென்ஸ் இல்லாமல் பாடிய ரேடியோவின் நாள். மறுநாள் காலை 6:10-க்கு கங்கையம்மாள் தானே பாடுகிறார். ஏழு பேர் பாட்டு ஒரு நிமிடத்தில் முடியாது என்று சொல்லியிருக்கிறார். உமாபதி இரண்டு நிமிடம் கொடுத்திருக்கிறார்.