வியாழக்கிழமை அழுகை

வியாழக்கிழமை ஆறு மணிக்குள் அவள் அழுது முடித்துவிட வேண்டும். ஐந்தரைக்கு அலுவலகத்திலிருந்து வந்து, செருப்பைக் கழற்றி, கைப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு துண்டோடு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். லிஃப்ட் பழுதுபார்க்கும் அவள் கணவர் அன்று மட்டும் எப்பாடுபட்டாவது முன்னதாக வந்து, கூடத்தில் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்வார். அதில் ஒரு வரியும் படித்ததில்லை. ஆறு மணிக்கு மூக்கு சிவக்க வெளியே வந்து முகம் கழுவுவாள். முடிந்ததா என்று கேட்பார். "இன்னைக்கு இவ்வளவுதான். மிச்சத்தை அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்பாள்.

மார்பில் புற்றுக்கட்டி என்று தெரிந்து நான்கு மாதம் ஆகிறது. மூன்று ஊசிவரை உடம்பு ஈடுகொடுத்தது. நான்காவதற்கு முன் ரத்தத்தில் வெள்ளையணு குறைந்துவிட்டது. மூவாயிரமாவது இருந்தால்தான் ஊசி. அதிலிருந்து திங்கட்கிழமைதோறும் ரத்தம் கொடுக்கிறாள். இரண்டு திங்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊசி தள்ளிப் போகப் போகக் கட்டிக்குத்தான் கொண்டாட்டம் என்பது இருவருக்கும் தெரியும். ஒருவர் வாயாலும் அதைச் சொன்னதில்லை.

வியாழக்கிழமை ஏற்பாடு அவளாகக் கண்டுபிடித்தது. ரத்தம் எடுக்கும் கூடத்துச் சுவரில், கவலை எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், மனத்தை மகிழ்ச்சியாக வைத்திருங்கள் என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் பல் தெரியச் சிரிக்கும் ஒரு பெண்ணின் படம். முதல் தடவை அணு குறைந்ததற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, இவள் உட்கார்ந்து அழுதிருந்தாள். அவ்வளவுதான், அழுததால்தான் குறைந்தது என்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டுவிட்டாள். அழாமலே இருக்கவும் முடியவில்லை. வியாழனோடு அழுகையை நிறுத்திவிட்டால் திங்களுக்குள் ரத்தம் அதை மறந்துவிடும் என்று ஒரு முடிவுக்கு வந்தாள். எந்த மருத்துவரும் அப்படிச் சொல்லவில்லை. அவளே சொல்லி அவளே நம்பினாள்.

குடிநீர் அலுவலகத்தில் புகார் தொலைபேசியை எடுப்பது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக ஊரார் திட்டையெல்லாம் காதில் வாங்கி, "பதிஞ்சாச்சுங்க, ஆள் வருவாங்க" என்று சொல்லிப் பழகிய குரல். திட்டு வாங்கினால் அணு குறையும் என்ற பயத்தில் வெள்ளிக்கிழமைப் புகார்களைப் பக்கத்து இருக்கைக்காரியிடம் தள்ளிவிட்டாள். தண்ணீர் வந்துவிட்டது, நன்றி என்று சொல்ல யாராவது கூப்பிட்டால் மட்டும் தன்னிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். அப்படி யாரும் கூப்பிடுவதில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க அவள் பேனாக்களைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

வீட்டிலும் அதே சட்டம். வெள்ளி முதல் திங்கள்வரை கெட்ட செய்தி எதுவும் உள்ளே வரக் கூடாது. மகள் கணக்கில் தேறாத மதிப்பெண் தாளைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு நாலு நாள் சிரித்த முகமாகத் திரிந்தாள். அடுத்த வாரம் காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டவள், சத்தமே போடாமல் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு அம்மாவிடம் வானிலையைப் பற்றிப் பேசினாள். நோய் ஒருத்திக்கு, வாய்ப்பூட்டு மூன்று பேருக்கு என்று கணவர் நினைத்தார்.

அவளுக்குக் கேலி மட்டும் குறையவில்லை. "உங்க லிஃப்ட்டே தேவலை. கீழ போனா திரும்ப மேல வருது. என் ரத்தத்துக்கு அந்தப் புத்தி இல்லை" என்பாள். சட்டைப் பொத்தான் தைத்துக்கொண்டே ஒரு ஞாயிறு மதியம் கேட்டாள்: "பயந்தா குறையும்னு சொல்றாங்க. குறையுமோங்கறதுதான் எனக்குப் பயமே. இதுல நான் எங்கேருந்து நிறுத்தறது?" எந்த இயந்திரத்தைத் திறந்தாலும் பழுது எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடித்துவிடும் மனிதர், நூல் கண்டை எடுத்துக் கொடுத்தார்.

மூன்றாவது திங்கட்கிழமை வந்தது. அந்த நான்கு நாளும் அவள் ஒரு குறை வைக்கவில்லை. கண் கலங்கவில்லை, யாரோடும் முகம் சுளிக்கவில்லை. பரிசோதனைத் தாளைக் கணவர்தான் வாங்கிப் பார்த்தார். ஆயிரத்து முந்நூறு. இருந்ததிலேயே குறைவு.

அவள் நர்ஸைப் பிடித்துக்கொண்டாள். வியாழக்கிழமை, தாள், சிரிக்கும் பெண் எல்லாவற்றையும் கொட்டினாள். நர்ஸ் நல்ல மாதிரி. கையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள். "நீங்க அழுததால இல்லம்மா. மருந்துதான் எலும்புக்குள்ள போய் அணு ஊறவிடாம அடிக்குது. நீங்க அழுதாலும் இதேதான், சிரிச்சாலும் இதேதான். உங்க தப்பு ஒண்ணுமே இல்லை." ஆறுதலாகத்தான் சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் இவள் முகம் செத்துப்போனது. மருத்துவர், இன்னும் ஒரே வாரம் பார்க்கலாம், அப்போதும் ஏறாவிட்டால் இந்த மருந்தை நிறுத்திவிட வேண்டியதுதான் என்றார். அதற்கப்புறம் என்ன என்று கணவர் கேட்டார். மருத்துவர் தாளைப் புரட்டிக்கொண்டே, அப்போது பேசிக்கொள்ளலாம் என்றார்.

வெளியே நடைவழியில் ஒரு நீளமான பெஞ்சு. அவள் அதன் ஓரத்தில் உட்கார்ந்தாள். கைகள் மடியில் வெறுமனே கிடந்தன. இத்தனை நாள் தன் கையில் ஏதோ இருக்கிறது என்று இருந்தவள். தப்பு தன்னுடையதென்றால் திருத்திக்கொள்ளலாம். திருத்த ஒன்றுமே இல்லை என்று சொல்லி அதையும் பிடுங்கிக்கொண்டுவிட்டார்கள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, நான் தூக்கத்துல அழுதேனா? எனக்குத் தெரியாம அழுதிருப்பேன். நீங்க பாத்திருப்பீங்க. சொல்லுங்க, அழுதேன்தானே?"

அந்த நாலு இரவும் அவர் கண்ணை மூடவில்லை. அவள் அழவே இல்லை என்பது அவரைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, ஆமாம் என்று தலையை ஆட்டினார்.