அம்மன் படம் போட்ட கேசட்டுக்குத்தான் முதல் இடம்

டேப் ரெக்கார்டர் ரொம்ப நேரம் ஓடினால் ஒரு சூட்டு வாசனை வரும். பிளாஸ்டிக்கும் தூசியும் சேர்ந்து லேசாகக் கருகுகிற வாசனை. கேசட் காலத்தில், ராயபுரத்தில் எங்கள் சந்துக்குள் நுழைந்தாலே கருவாட்டு வாசனையையும் மீறி அது மூக்கில் ஏறும்...

நேற்றிலிருந்து அந்த வாசனை என்னை விட்டுப் போகவில்லை. காரணம், சேகர்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் போனில் அடிக்கிறாள். சில வார்த்தைகளை, "இதெல்லாம் போட முடியாதுப்பா" என்று எடுத்துவிட்டாள். எல்லாம் சேகருக்குச் சொன்னவை. நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

நேற்று நம்ம வாட்ஸ்அப் குரூப்பில் சேகர் தனக்குப் பிடித்த ஆல்பங்களை வரிசை போட்டு, எல்லோரையும் சொல்லச் சொன்னான். நானும் பேசி அனுப்பினேன். மூன்றாவது இடம், நீல அட்டை போட்ட கிறிஸ்துமஸ் பாட்டு கேசட். இரண்டாவது, ரெக்கார்டிங் கடையில் நான் பதிந்து வாங்கிய சினிமாப் பாட்டு. லிஸ்ட் எழுதிக் கொடுக்கத் தெரியாதே... ஒவ்வொரு பாட்டிலும் முதல் அடியைக் கடைக்காரரிடம் பாடிக் காட்டுவேன். வாசலில் கூட்டம் கூடிவிடும்.

முதல் இடம், மாணிக்கம் அண்ணன் சாவில் எங்கள் சந்து ஏழுமலை பாடின கானா.

அதற்குச் சேகர் சொன்ன பதிலை எல்லோரும் கேட்டீர்கள்.

"மாமு, ஆல்பம்னா கம்பெனி போட்டது. சாவு வூட்டு சத்தத்த எல்லாம் லிஸ்ட்ல சேக்காத. கலீஜா கீது."

கூடவே சிரிக்கிற பொம்மை வேறு. ஆளாளுக்கு நீங்களும் சிரித்தீர்கள்.

அந்த மாணிக்கம் அண்ணன் யார் தெரியுமா? சேகரைப் பெற்ற அப்பன்.

அண்ணன் ஹார்பரில் கிரேன் ஓட்டினார். நான் கீழே சரக்குக்குச் சங்கிலி மாட்டுகிறவன். மேலே அவர் கை கொஞ்சம் தவறினால் கீழே என் தலை இருக்காது. இன்று என் தலை கழுத்துமேல் இருக்கிறதே, அது அவர் கை.

அவர் போன சேதி கேட்டதும் ஏழுமலை, சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தான். எங்கள் பக்கம் சாவு வீட்டில் கானா என்றால், செத்தவர் பேர், தொழில், குணம் எல்லாம் பாட்டில் வந்தாக வேண்டும். அதுதான் மரியாதை. ஒரு தகர டப்பாவைத் தட்டி ஆரம்பித்தான்...

"கொக்கி தூக்கின கையி
கூப்புட்டாலும் எழல...
கப்பலெல்லாம் காத்துகினு கீது
மாணிக்கத்த காணல..."

இதைப் பதியாமல் விடக் கூடாது என்று தோன்றியது. கையில் வெற்றுக் கேசட் இல்லை. வீட்டில் கிடந்த அம்மன் பாட்டு கேசட்டை எடுத்து, மேலே வேறெதுவும் பதிய முடியாதபடி கம்பெனி விட்டிருந்த மேல்முனை ஓட்டையில் காகிதத்தைத் திணித்து, அதன்மேலேயே பதிந்தேன். பாதியில் ஹார்பரில் கப்பல் சங்கு ஊதுகிறது. ஏழுமலை நிறுத்தவே இல்லை. "பாரு, கப்பலே அழுவுது" என்று அதையும் பாட்டில் சேர்த்துக்கொண்டான். எந்தக் கம்பெனிக்காரன் கொண்டுவருவான் அந்தச் சங்கை?

அட்டையில் அம்மன்... உள்ளே சாவு கானா. என் பெண்டாட்டி படத்தை மட்டும் பார்த்தாள். சாமி மாடத்தில் வைத்து வெள்ளிக்கிழமை தவறாமல் குங்குமம் இட்டாள். சொன்னால் துடைப்பக்கட்டை பறக்கும். வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த ஆடியில் தெருவில் கூழ் ஊற்றினோம். மைக்செட்காரன் அம்மன் பாட்டு கேட்டிருக்கிறான். இவள் பெருமையாக மாடத்திலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டாள். நான் கூழ்க் குண்டான் பக்கத்தில் நிற்கிறேன். குழாய் ஸ்பீக்கரில் ஏழுமலை!

"டேய், நிறுத்துடா!" என்று ஓடினேன். மைக்செட் பெட்டிக்கு முன்னால் மாணிக்கம் அண்ணன் சம்சாரம் நிற்கிறார்.

"கைய வச்ச, ஒடிச்சிடுவேன். பாடட்டும். என் வூட்டுக்காரருக்கு ஆத்தாவே பாடிகினு கீறா."

யாரும் நிறுத்தவில்லை. கரண்டி பிடித்தவன் கரண்டியோடு நின்றான். சேகர் கூழ்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, ஸ்பீக்கர் கட்டின கம்பத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். கல்யாணமான ஆம்பளை. பாட்டு முடிந்ததும் என்னிடம் வந்தான்.

"எங்க நைனா பேரு மைக்ல வந்துச்சு மாமு... ஊரே கேட்டுச்சு."

அந்த வாய்தான் நேற்று கலீஜ் என்றது.

இப்போது அவன் அடுக்குமாடியில் இருக்கிறான். குரூப்பில் சம்பந்தி வீட்டார் இருக்கிறார்கள். வெட்கமாம். எதற்கடா வெட்கம்? அப்பன் கிரேன் ஓட்டினதற்கா? தெருவே நின்று அழுததற்கா?

இன்று காலையில் போன் பண்ணினான். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறான் என்று எடுத்தேன். குரலைத் தாழ்த்திப் பேசுகிறான்.

"மாமு... அந்த கேசட்டு இன்னும் ஓடுதா?"

"ஓடுது. அதுக்கு இன்னா இப்ப?"

"நீ குடுத்த காப்பி, வூடு மாத்த சொல்லோ எங்கியோ போயிடுச்சு. போன்ல புட்ச்சி அனுப்பு மாமு. எனக்கு மட்டும். குரூப்ல வேணாம்."

அந்த 'எனக்கு மட்டும்'தான் என்னைக் கொளுத்திவிட்டது.

"இன்னாடா எனக்கு மட்டும்? உங்கப்பன் இன்னா திருட்டு சரக்கா? வேணும்னா வூட்டாண்ட வா. வாசல்ல வச்சு சத்தமா போடறேன். தெருவோட ஒக்காந்து கேளு."

போனை வைத்துவிட்டான்.

அப்போதெல்லாம் ஒரு பாட்டுக்காக அடுத்தவன் வீட்டு வாசலில் போய் நிற்போம். ஒரு டேப்பைச் சுற்றிப் பத்துப் பேர் முட்டிக்கொண்டு உட்காருவோம். சண்டை வரும், டீ வரும், சுற்றிக்கொண்ட நாடாவை எடுக்க எவனாவது பென்சில் கொண்டு வருவான்... யார் எந்தப் பாட்டுக்கு அழுகிறான் என்று தெருவுக்கே தெரியும்.

இப்போது உலகத்துப் பாட்டெல்லாம் உள்ளங்கையில் இருக்கிறது. காதில் சொருகிக்கொண்டால் பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடத் தெரியாமல் கேட்கலாம்.

பெற்ற அப்பனின் பாட்டைக்கூட.