மாமாவுக்கு இன்று டிஸ்சார்ஜ்

இன்று மாமாவை ஆஸ்பத்திரியிலிருந்து தன்னாமுனை வீட்டுக்குக் கூட்டி வந்தோம்.

புறப்படும் முன் டொக்டர் என்னை மட்டும் வெளியே அழைத்தார். "கேன்சர் ஈரல் முழுக்கப் பரவிட்டு. இனி எங்களால செய்ய ஒண்டுமில்ல தம்பி. வீட்ட வெச்சு, விரும்பினதக் குடுங்க" என்றார்.

உள்ளே தாதி மாமியிடம் சொன்னது ஒரே ஒரு சொல்தான்: டிஸ்சார்ஜ்.

மாமிக்கு அது போதும். ஆட்டோவில் ஏறியதுமே கட்டாரில் வேலை செய்யும் மகளுக்கு, என் மச்சாளுக்கு, போன் எடுத்தார். "புள்ள, அப்பாவ டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. இனிப் பயமில்ல" என்று சொல்லும்போதே சார்ஜ் இறங்கிப் போன் நின்றுவிட்டது.

"என்ன, கட்டாயிட்டா?" என்று மாமா கேட்டார்.

"போன் டிஸ்சார்ஜ் ஆகிட்டு மாமா" என்றேன்.

ஆட்டோவுக்கு வெளியே வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பினார்.

"போன் டிஸ்சார்ஜ் எண்டா உசிர் போயிட்டு. ஆள் டிஸ்சார்ஜ் எண்டா உசிர் தப்பிட்டு. டொக்டர் உன்ன வெளியால கூப்பிட்டுச் சொன்னது எது மனே?"

மாமி விழுந்து விழுந்து சிரித்தார். "வருத்தம் மாறினவுடனே இவர்ர பகிடியப் பாரன் தம்பி!"

மாமா சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். நான் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் என் முழங்காலில் கையை வைத்து, மாமிக்குக் கேட்காமல், "சரி. அவளுக்கு இப்ப சொல்லாத" என்றார்.

மாமி இப்போது அடுப்படியில் நண்டு காய்ச்சுகிறார். அயல் சனம் தோடம்பழப் பையோடு வரத் தொடங்கிவிட்டது.

பேஸ்புக்கில் மச்சாள் பார்க்காதபடி மறைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். மாமியிடம் எப்படிச் சொல்வதென்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இங்கிலீசில் மட்டும் வேண்டாம்.