ஆம்ப்ளிஃபயரில் நின்ற இரைச்சல்

என் மகன் பனியன் கம்பெனி எலக்ட்ரீஷியன். ஓர் அறைக்குள் பாட்டுக் கேட்கப் போதுமான, கண்ணாடிக் குழல் வால்வு போட்ட பழைய ஆம்ப்ளிஃபயரை அவன் மூன்றாவது முறையாகப் பிரித்துக் கட்டியும், பாட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் போகவில்லை. நான் கொடுத்த காபி ஆறி, எறும்பு வேறு வந்துவிட்டது.

“என்னால ஆகாதுங்கம்மா. பழைய இரும்புக்குப் போட்டர்றேன்.” ஆத்திரத்தில், ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் கொடுக்க, பலகைமேல் இன்னும் முடுக்காமல் வைத்திருந்த சின்ன டிரான்ஸ்ஃபார்மரைத் தள்ளினான். அது குறுக்கே திரும்பி நின்றது.

பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் சத்தத்துக்குள்ளும் ஊசி உடைவதைக் கேட்டுப் பழகிய காது எனக்கு.

“கண்ணு, இரைச்சல் நின்னுபோச்சு!”

“சும்மா இருங்கம்மா.”

“பழையபடி திருப்பிப் பாரு சாமி.”

திருப்பினான், இரைந்தது. குறுக்கே வைத்தான், பாட்டு மட்டும் கேட்டது. “இதோட காந்தம் பக்கத்துக் கம்பிச்சுருள்ல பட்டுத்தான் இத்தன நாளா இரைஞ்சிருக்குதுங்கம்மா” என்று தலையில் கை வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். நான் துணிக்கு அளவு போடும் சாக்பீஸை எடுத்து, இனி அசையக் கூடாதென்று டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிக் கோடு போட்டேன்.